பென்ஷன் வந்த பட்டாளத்தாருக்கு அடுத்து எது? நான்கு வழிகளும் ஒரு கேள்வியும்

எங்கள் பக்கத்தில் ராணுவப் பணி முடித்துத் திரும்பியவரை "ஓய்வு பெற்றார்" என்று யாரும் சொல்வதில்லை, "பென்ஷன் வந்துட்டார்" என்றுதான் சொல்வார்கள். படை எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி வாசலில் இறங்கிய அன்று மாலையே, காப்பி குடிக்க வந்த உறவினரில் ஒருவராவது "அடுத்து என்ன செய்யப்போறிய?" என்று கேட்டுவிடுவார். கேட்பதிலும் தவறில்லை. 19 வயதில் சேர்ந்து, ஹவில்தாராக 24 ஆண்டுகள் முடித்தவருக்கு 43 வயதுதான் ஆகியிருக்கும். மற்ற வேலைகளில் இருப்பவர்கள் வீட்டுக் கடனின் பாதித் தவணையைக்கூடக் கட்டி முடித்திராத வயது அது. பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் கல்லூரியிலும் இருக்கும் காலத்தில் மாதச் சம்பளம் ஓய்வூதியமாகச் சுருங்கும்போது, அடுத்த வேலை எது என்பதைக் குடும்பம் பேசித்தான் ஆக வேண்டும்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே உள்ள எங்கள் அக்காள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அத்தான் தமது பணிக்காலத்தில் இரண்டு முறை காஷ்மீரில், தீவிரவாத எதிர்ப்புப் பணிக்கான ராஷ்டிரிய ரைபிள்ஸில் இருந்துவிட்டு வந்தவர். கை, கால், கண் எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் வந்த முதல் மாதத்திலேயே அவர் இரவில் இரண்டு மணிக்குமேல் உறங்குவதில்லை என்பதையும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சுவரோரம் வாசலைப் பார்த்தபடியே உட்காருகிறார் என்பதையும், பின்னால் நின்று தோளைத் தொட்டால் பிள்ளைகளையே உதறிவிடுகிறார் என்பதையும் அக்காள் கவனித்துவிட்டாள். திண்ணையில் கூடிய பெரியவர்கள் இவற்றை ஒரு பேச்சாக எடுக்கவில்லை. அவர்கள் முன்வைத்தவை நான்கு வழிகள்: மீண்டும் சீருடை அணிந்து, ராணுவ நிலையங்களைக் காக்கும் டி.எஸ்.சி.யில் சேர்வது, தனியார் காவல் பணிக்குப் போவது, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குத் தேர்வு எழுதுவது, ஊரிலேயே நிலத்தையோ கடையையோ பார்த்துக்கொள்வது. நான்கையும் வருமானத்தால் மட்டுமே அளந்தார்கள். எனக்கு அந்த அளவுகோல் போதவில்லை. மனத்தில் காயத்தோடு வந்தவருக்கு வேலை தேடும்போது, அந்த வேலையில் அவர் இரவில் எங்கே தூங்குவார், மாதம்தோறும் அதே மருத்துவரைப் போய்ப் பார்க்க முடியுமா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியதே.

முதல் உலகப் போரின்போது குண்டதிர்ச்சி என்ற பொருளில் பெயர் பெற்ற இந்தத் துன்பம், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயருடன் இடம் பெற்றது. போர்முனையில் இருந்த எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களுக்கும் உடனே வெளிப்பட வேண்டும் என்ற கட்டாயமில்லை. சம்பவம் முடிந்து ஆறு மாதம் கழித்தோ, அதற்கும் பின்னரோ முழுமையாகத் தலைகாட்டலாம். படையில் இருக்கும்வரை எப்போதும் விழிப்பாக இருப்பது தொழில்திறமையாகக் கருதப்படும். அதே விழிப்பு வீட்டுக்கு வந்த பின் தூக்கமின்மையாகவும் சிடுசிடுப்பாகவும் பெயர் மாறிவிடும். ஊரில் இதை "மிலிட்டரிக் கோவம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பினாலேயே ஐந்தாறு ஆண்டுகள் மருத்துவரைப் பார்க்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்பு, அவற்றில் ஒன்றைத் திறக்கவும் மூடவும் செய்கிற ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணி முடிந்து வெளியேறும் முன் ஒவ்வொரு வீரரையும் மருத்துவக் குழு பரிசோதித்து, அவருடைய மருத்துவ வகையைப் பதிவு செய்யும். அந்த வகைக்கு ஷேப் என்று பெயர். அதன் ஐந்து ஆங்கில எழுத்துகளில் முதலெழுத்தான எஸ் மனநிலையைக் குறிப்பது; மற்றவை செவி, கை கால்கள், உடல், பார்வை ஆகியவற்றைக் குறிப்பவை. பணியினால் ஏற்பட்டதோ, பணியினால் மோசமானதோ ஆன ஊனம் 20 விழுக்காடும் அதற்கு மேலும் என்று குழு மதிப்பிட்டால் ஊன ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் வந்தால் அது பணியினால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 50-க்குக் கீழான விழுக்காட்டை 50 ஆகக் கணக்கிடும் முறை, பணிக்காலம் முடிந்து இயல்பாக வெளியேறியவர்களுக்கும் பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. மனநோயும் இவற்றுக்கு உட்பட்டதே. 2023 செப்டம்பரில் புதிய உரிமை விதிகள் வந்துவிட்டன. எனவே அதற்குப் பின் வெளியேறுபவர் பழைய தீர்ப்புகளை மட்டும் நம்பியிராமல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மறுக்கப்பட்டால் முறையிட ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். மீண்டும் சீருடை அணிய விரும்புபவருக்கு மருத்துவ வகை நன்றாக இருக்க வேண்டும். ஆகவே வெளியேறும்போது தூக்கமில்லை, கனவு வருகிறது, கை நடுங்குகிறது என்று மருத்துவக் குழுவிடம் வாய்திறக்காமல் "எல்லாம் நலம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த ஒரு வரியால் டி.எஸ்.சி. கதவு திறந்திருக்கும், ஆனால் பின்னால் நோய் முற்றும்போது அது பணியினால் வந்தது என்று நிறுவுவதற்கு அதே வரி எதிர்ச்சாட்சியாக நிற்கும். அத்தானும் அப்படித்தான் எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். எங்களுக்கு அது தெரிய வந்தபோது மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. நல்ல வேளையாக, ஸ்ரீநகரில் ஒருமுறை தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்த சீட்டை அக்காள் பத்திரப்படுத்தியிருந்தாள். இன்னும் பணியில் இருப்பவர் இதைப் படித்தால், எந்த வழியில் போக எண்ணினாலும், உள்ளதை உள்ளபடி பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பெட்டியில் வேறு எதற்கு இடமில்லாவிட்டாலும் மருத்துவச் சீட்டுகளுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழியான டி.எஸ்.சி., அதாவது பாதுகாப்புக் காவல் படை, 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இதன் பயிற்சி மையம் கேரளத்தின் கண்ணூரில் உள்ளது. ஆயுதக் கிடங்குகள், விமான தளங்கள், கடற்படை நிலையங்கள் போன்றவற்றைக் காக்கும் வேலை. பணத்தை மட்டும் பார்த்தால் நான்கில் இதுவே முதலிடம். பழைய ஓய்வூதியத்தை விடாமலே சம்பளம் வாங்கலாம், 15 ஆண்டுகள் முடித்தால் இரண்டாவது ஓய்வூதியமும் உண்டு. இதற்கு மேலாக ஒரு நன்மையும் இருக்கிறது. படையின் ஒழுங்கு, மெஸ் சாப்பாடு, பேசிச் சிரிக்கத் தெரிந்த தோழர்கள், தம் பதவியை விளக்க வேண்டாத சூழல் எல்லாம் அப்படியே தொடரும். குடிமக்கள் நடுவே வந்ததும் ஆளே இல்லாத தீவில் இறங்கியவர்போல் தவிப்பவருக்கு அந்தத் தோழமை மருந்துதான். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் வேலை காவல் வேலை. இரவுச் சென்ட்ரி முறை வரும், தோளில் துப்பாக்கி இருக்கும், குடும்பம் மறுபடியும் ஊரில் இருக்கும். விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறதே, அங்கே போஸ்டிங் வாங்கிவிட்டால் நாங்குநேரியில் வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் ஆசை காட்டினார். பணியிடம் அப்படி நம் கையில் இருந்திருந்தால் அத்தான் 24 ஆண்டுகளில் ஒரு முறையாவது திருவனந்தபுரத்தில் இருந்திருப்பாரே என்று அக்காள் கேட்டதும் அவர் பேச்சை மாற்றினார். காயம் ஏதுமில்லாமல் நன்றாக உறங்கி எழுபவருக்கு டி.எஸ்.சி.யைத் தயங்காமல் சொல்வேன். உறக்கம் கெட்டவருக்கு இது 24 ஆண்டுப் பழக்கத்தை இன்னும் 15 ஆண்டுகள் நீட்டிப்பதாகிவிடும். சிகிச்சையைத் தள்ளிப்போட இதைவிடக் கௌரவமான வழி இல்லாததால்தான் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டாவது வழி தனியார் காவல் பணி. நான்கில் மிக எளிதாகக் கிடைப்பது இது. அந்த எளிமைதான் இதன் ஆபத்தும். வங்கி, நகைக்கடை, கேஷ் வேன், கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள தொழிற்சாலைகள், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் என்று முன்னாள் படைவீரரைக் கேட்டு வாங்கும் இடங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பில் அடுத்த திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம். ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுத்துறை வங்கியில் நேரடி நியமனம் பெற்ற ஆயுதக் காவலர் வேலை வேறு. ஏஜென்சி மூலம் கிடைக்கும் 12 மணி நேர டியூட்டி வேறு. முன்னதில் பெரும்பாலும் பகல் பணி, வங்கி விடுமுறை, முறையான சம்பளம் எல்லாம் உண்டு. அது கிடைத்தால் விடக்கூடாது. பின்னதில் ஆள் வராத நாளில் இரண்டு ஷிப்டையும் ஒருவரே பார்க்கும்படி ஆகும். ஆறடி உயரமும் நிமிர்ந்த நடையும் உள்ள ஒரு ஹவில்தார், தம் மகன் வயதுள்ள மேற்பார்வையாளரிடம் லீவு கேட்டு நிற்பதை முதல் மாதம் சிரித்துத் தாங்கிக்கொள்வார். ஆறாம் மாதம் தாங்குவாரா என்பது ஆளைப் பொறுத்தது.

காற்றாலைக் காவலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கயிற்றுக் கட்டில், டார்ச் லைட், தகரக் கொட்டகை, இரவு முழுதும் இறக்கை சுழலும் சத்தம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆள் அரவமற்ற தேரிக்காடும் பனையும். உறங்கவும் முடியாமல் பேசவும் ஆளில்லாமல் பழைய நினைவுகளோடு ஒருவரை எட்டு மணி நேரம் தனியே அமர்த்துவதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைத் திட்டமிட்டுத்தான் அமைக்க வேண்டும். இன்னொன்று துப்பாக்கி. சில இடங்களில் சொந்த உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி உள்ளவருக்குச் சம்பளம் கூடுதல் என்பதால் பலர் உரிமம் எடுக்கிறார்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் சில வாரங்களைத் தவிர மற்ற நாளெல்லாம் அது வீட்டுப் பீரோவில்தான் இருக்கும். மனம் சரியில்லாதவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கூடுதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவும் விருப்பமில்லை.

மூன்றாவது வழி அரசு வேலை. மைய அரசின் குரூப் சி பணிகளில் 10 விழுக்காடும், பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் நிலையில் 14.5 விழுக்காடும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. மாநில அரசுத் தேர்வுகளிலும் தனி ஒதுக்கீடு உண்டு. மைய அரசுப் பணிகளுக்கு வயதைக் கணக்கிடும்போது படைப்பணி ஆண்டுகளையும் அதற்கு மேல் மூன்று ஆண்டுகளையும் கழித்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் 15 ஆண்டுகள் பணி முடித்தவரைக் குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கொள்ளும் விதியும் இருக்கிறது. தனியார் காவல் பணியில் சேர்வதால் மைய அரசின் ஒதுக்கீட்டு உரிமை போய்விடாது. ஆனால் ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலையில் சேர்ந்த பின் அந்த உரிமை முடிந்துவிடும். சேர்வதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த மற்ற தேர்வுகளின் பட்டியலை உறுதிமொழியாக எழுதிக்கொடுத்தால் அவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இது பலருக்குத் தெரியாததால் கையில் கிடைத்த முதல் சிறு வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

பகல் வேலை, வாரத்தில் நிச்சயமான ஓய்வு, சொந்த மாவட்டத்திலேயே இருக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றும் உள்ளதால், என் கேள்விக்கு நல்ல பதில் தருவது இந்த வழிதான். குறை என்னவென்றால் காலம். அறிவிப்பு வந்து, தேர்வு எழுதி, முடிவு வந்து, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, ஆணை கைக்கு வர இரண்டு ஆண்டுகளும் ஆகலாம். அதோடு, 25 ஆண்டுகளாகப் புத்தகம் தொடாதவர் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி வகுப்பில் 22 வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் அமர்ந்து விகிதாசாரக் கணக்குப் போடுவது சிறிய காரியமில்லை. உறக்கமில்லாதவருக்குக் கவனம் நிற்காது, படித்தது தங்காது, தோற்ற தேர்வு ஒவ்வொன்றும் மனத்தை இன்னும் கீழே இழுக்கும். ஆகவே இதை முதலாண்டின் முழுநேர வேலையாக வைத்துக்கொள்ளாமல், சிகிச்சையில் உறக்கம் ஓரளவு சீரான பின் தொடங்குவது நல்லது.

நான்காவது வழியைப் பற்றி ஊரில் ஒரு கனவே உண்டு. நிலத்துக்குத் திரும்பினால் மனம் ஆறிவிடும் என்பார்கள். அதில் பாதி உண்மை. விடிந்ததும் எழுந்து வேலை, வெயில், உடல் அசதி, வரப்பில் நின்று பேச நாலு பேர், அறுவடை வரை காத்திருக்கும் பொறுமை எல்லாம் உறக்கத்துக்கு உதவுபவை. யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டாம், மருத்துவரைப் பார்க்க யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கார் பருவ நெல், மழைக்குப் பின் பிசானப் பருவ நெல் என்று ஆண்டுக்கு ஓர் ஒழுங்கும் கிடைக்கும். படையில் பழகியவருக்கு ஒழுங்கு இல்லாத நாளைவிடக் கொடியது எதுவுமில்லை.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சும்போது நம் முறை நள்ளிரவிலும் வரும். மலையடிவாரத்து வயலென்றால் காட்டுப் பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். விளைச்சல் நெருங்கும் காலத்தில் பன்றியை விரட்ட வெடி போடுவதும் உண்டு. இருளில், கையில் டார்ச்சோடு, எது எங்கிருந்து பாயும் என்று தெரியாமல் நிற்பது அத்தானுக்குப் புதிதா என்ன? ஆகவே நிலம் என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த நிலம் என்று பார்க்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு இடத்தில் வயல் இருந்தது. மலையோரத்து வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஊருக்கு அருகிலுள்ள அரைக்கோட்டை விதைப்பாட்டை மட்டும் அவர் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டோம். இரவுப் பாய்ச்சலுக்கு ஆள் வைத்தோம். கூலி கொடுத்தது வீண் செலவு என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார்.

கடை வைக்கும் யோசனையும் வந்தது. முதல்வரின் காக்கும் கரங்கள் என்ற பெயரில், முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 சுதந்திர தின விழாவில் அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் கடன் என்பது மன அமைதி திரும்பிய பின் எடுக்க வேண்டிய முடிவு. முதலாண்டில் கையில் மொத்தமாகப் பணம் இருக்கும்போதுதான் பங்குதாரராகச் சேர அழைப்பவர்கள் வீடு தேடி வருவார்கள். அந்த மொத்தப் பணத்தில் பெரும்பகுதி ஓய்வூதியத்தில் பாதி வரை விற்று வாங்கிய கம்யூட்டேஷன் தொகை. விற்ற பாதி திரும்ப 15 ஆண்டுகள் ஆகும். 43 வயதில் விற்றவருக்கு 58 வயதில்தான் முழு ஓய்வூதியம். அக்காள் அந்தப் பணத்தை அஞ்சலகத்திலும் வங்கியிலும் போட்டுப் பாஸ்புக்கைத் தன் கையில் வைத்துக்கொண்டது, அவ்வாண்டில் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது என்பேன்.

எந்த வழியானாலும் சிகிச்சை எங்கே என்பதையும் ஒப்பிட வேண்டும். 2003 ஏப்ரலில் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் திருநெல்வேலியிலேயே உள்ளது. அட்டை எடுத்திருந்தால் ஓய்வூதியர், மனைவி, சார்ந்த பிள்ளைகள், பெற்றோர் எல்லாருக்கும் மருத்துவம் உண்டு. அங்கே பொது மருத்துவரைப் பார்த்து, மனநல மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கிச் செல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்குச் சீட்டு வாங்கக் கூச்சப்படாதவர் இதற்குக் கூச்சப்படுவார். பக்கத்து நாற்காலியில் அதே ரெஜிமென்ட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார் என்பதே காரணம். பாளையங்கோட்டையில் 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்வதை, அட்டையோ சீட்டோ இல்லாமல் அணுகலாம். மனநலப் பிரிவும் மருந்தும் இலவசம். கற்பிக்கும் மருத்துவமனை என்பதால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இளம் மருத்துவரிடம் முதலிலிருந்து கதை சொல்லும்படி நேரலாம். நேரில் போகத் துணிவு வராதவர்கள் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முதல் வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல அது போதும். முழுச் சிகிச்சைக்கு அது போதாது. தனியார் மருத்துவரிடம் நேரம் கூடுதலாகக் கிடைக்கும், செலவும் கூடும். நாங்கள் பாலிகிளினிக் பரிந்துரையையே தேர்ந்தோம். மருந்துச் செலவு தொடர்ந்து வரும் என்பதோடு, படையோடு தொடர்புள்ள இடத்தில் நோய் பதிவாவது பின்னால் ஊன ஓய்வூதியக் கோரிக்கைக்கும் உதவும் என்று கணக்குப் போட்டோம்.

இந்த நோய்க்கு மாத்திரை மட்டுமே சிகிச்சை என்று எண்ணிவிடக்கூடாது. நடந்ததைப் பாதுகாப்பான முறையில் திரும்பப் பேசி, தவிர்த்து வந்தவற்றைப் படிப்படியாக எதிர்கொள்ளும் உளச்சிகிச்சை, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு அமர்வு அளவில் நடைபெறுவது வழக்கம். மன அழுத்த மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்கு மருந்தாகாது, பழக்கமாகிவிடும். பன்னிரண்டு வாரம் தொடர்ந்து ஒரே கிழமையில் பாளையங்கோட்டைக்குப் போய்வர முடிகிற வேலை எது என்று கேட்டால், நான்கு வழிகளின் வரிசை தானாகவே மாறுவதைக் காணலாம்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராணுவக் கேன்டீன் கோட்டாவில் மலிவாகக் கிடைக்கும் புட்டி, உறக்கமற்றவருக்கு முதலில் உறக்கம் தருவதுபோல் இருந்து, பிறகு நள்ளிரவில் எழுப்பிவிடும். ஊரில் அந்தப் புட்டிக்குத் தனி மரியாதை உண்டு. பஞ்சாயத்து வேலை முதல் மின் இணைப்பு வரை அதை வைத்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். எனவே கோட்டாவை வாங்கவே வேண்டாம் என்றால் உறவுகளே கோபித்துக்கொள்ளும். அத்தான் மளிகைப் பொருள்களுக்காகக் கேன்டீன் போவதை நிறுத்தவில்லை, மற்றதை எட்டு மாதமாக வாங்கவில்லை. அடுத்தது சத்தம். சுடலை மாடன் கோயில் கொடை விழாவில் வேட்டுப் போடாமல் இருக்க ஊர் ஒப்பாது. ஒப்ப வேண்டும் என்று கேட்பதும் சரியில்லை. கொடைக்காரர்களிடம் எந்த நேரத்தில் வேட்டு என்று முன்கூட்டியே கேட்டுவைத்து, அந்த நேரத்தில் அவர் வில்லுப்பாட்டுப் பந்தலில் மகனோடு உட்கார்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எதிர்பார்த்த சத்தம் அவரை அவ்வளவாக உலுக்கவில்லை.

மைய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவற்றிலிருந்து திரும்புபவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பல பொருந்தா. அவர்கள் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருவதில்லை, இ.சி.எச்.எஸ். உரிமையும் இல்லை. 2022-இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் முடித்து வரும் இளைஞர்களின் நிலை இன்னும் மெலிது. ஓய்வூதியமும் இல்லை, இ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் மட்டும் கையில் வரும். அவர்களில் மனக்காயத்தோடு வருபவருக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியும் 14416-ம்தான் வாசல்கள். அந்தப் பிள்ளைகள் திரும்பும் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் கவனமாக நடக்க வேண்டும்.

என் வரிசை இதுதான். உறக்கம் கெட்டு வந்தவருக்கு முதலாண்டு சொந்த ஊரில், பகல் வேலை மட்டும் உள்ள நிலமோ சிறு பணியோ, அதோடு தவறாத சிகிச்சை. அடுத்த ஆண்டு அரசுத் தேர்வுகளோ பொதுத்துறை வங்கிக் காவல் பணியோ. ஏஜென்சி இரவுக் காவல் கடைசி. டி.எஸ்.சி.யை, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு மட்டும், சேர்க்கைக்கான வயது வரம்பு இடம் கொடுத்தால் எண்ணிப் பார்க்கலாம். முதலாண்டில் கம்பளி பின்னிக்கொண்டு உட்காரும் ஆள் நானில்லை என்று அத்தான் என்னிடம் கோபித்தது உண்மை. ஓய்வூதியத்தில் பாதி குறைந்த நிலையில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அக்காள் நகையை அடகு வைத்ததும் உண்மை. இந்த வரிசைக்கு அந்த விலை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது பிசான நடவு முடிந்திருக்கிறது. வியாழக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் அவர் பாளையங்கோட்டை போகிறார். ஒன்பதாவது அமர்வு போன வாரம் முடிந்தது. வங்கிக் காவலர் பணிக்கு அறிவிப்பு வந்திருப்பதாக நல அலுவலகத்தில் சொன்னார்களாம். விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறார், இன்னும் அனுப்பவில்லை. இரவில் நாலு மணி வரை தூங்குகிறார் என்று அக்காள் சொன்னாள்.